ஹாலேக்கு வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு நாள் முன்பே படித்துவிட்டேன். அவசரத்தில் இரண்டு வரி எழுதி அனுப்ப மனம் வரவில்லை, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போட்டேன். நீங்கள் கேட்டது இது: எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டீர்கள், தரங்கம்பாடி மிஷன் பற்றி ஜெர்மனியில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. இங்கே கிறிஸ்தவ வரலாறு எழுதுகிறவர்களிடம் எப்படிப் பேசுவது, நீங்கள் கிறிஸ்தவர் இல்லை என்பது தடையாகுமா, படித்து முடித்தால் இதை வைத்துப் பிழைக்க முடியுமா.

நான் மயிலாடுதுறைப் பக்கம். ஜெர்மனியில் இருக்கும் இந்த ஹாலே நகருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இங்கேதான் ஆராய்ச்சி செய்தேன், பட்டம் வாங்கினேன், இரண்டு ஒப்பந்தம் பார்த்தேன், இப்போது ஒரு நூலகத்தில் நிரந்தர வேலையில் இருக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஆசையைப் பற்றி. அது சரியான ஆசைதான். பிராங்கே என்கிற போதகர் 1698-ல் இங்கே தொடங்கிய அனாதை இல்லமும் பள்ளிகளும் இன்றும் அப்படியே நிற்கின்றன. டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார்கள் அல்லவா, அதற்கப்புறம் அங்கிருந்து கடிதம் கடிதமாக வந்து சேர்ந்த ஊர் இதுதான். சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் 1716-ல் அச்சானதும் இங்கேதான். டிராமில் பிராங்கே சதுக்கத்தில் இறங்கினால், மேலே போகும் பாலச்சாலைக்குப் பக்கத்திலேயே அந்த அனாதை இல்லத்தின் முகப்பு தெரியும். பின்னால் நீளமாக மரச்சட்டக் கட்டடங்கள். 1728-ல் கட்டி முடித்த நூலகக் கட்டடத்தில் அலமாரிகள் நாடக மேடையின் பக்கத் திரைகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முதல் தடவை உள்ளே போனபோது நான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நின்றுவிட்டேன்.

ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். குர்ரென்ட் என்பார்கள். அதில் 'e' எழுத்து 'n' மாதிரி இருக்கும், 'u' மேல் ஒரு சின்ன வளைவு போடுவார்கள், இல்லாவிட்டால் அதுவும் 'n' என்றே தெரியும். முதல் மூன்று மாதம் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆனது எனக்கு. ஆனால் அயல்மொழிச் சொற்களை அவர்கள் பெரும்பாலும் அந்தக் கையெழுத்தில் எழுதாமல் தெளிவான லத்தீன் எழுத்தில் எழுதுவார்கள். அதனால் ஒன்றும் புரியாத முள்புதர் மாதிரி வரிகளுக்கு நடுவே நம் ஊர்ப் பெயர் மட்டும் பளிச்சென்று தெரியும். ஒருநாள் அப்படித்தான் 'அலெப்பா' என்று ஒரு பெயர். வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், சட்டென்று அழகப்பன் என்று காதில் விழுந்தது. சீகன்பால்குக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பக்கத்து மேசையில் இருந்த ஜெர்மன் ஆராய்ச்சியாளருக்கு அது வெறும் அலெப்பா. உங்களுக்கும் எனக்கும் அது தெருவில் கூப்பிடும் பெயர். 1708-லேயே சீகன்பால்கு தான் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார், அதில் திருக்குறளும் இருக்கிறது, தொல்காப்பியமும் இருக்கிறது. அதைச் சரியாகப் படிக்கத் தமிழ் தெரிந்த கண் வேண்டும். இது உங்கள் பலம், குறைவாக நினைக்காதீர்கள்.

ஆனால் இதே பலத்தில் ஒரு பள்ளமும் இருக்கிறது. நான் வந்த இரண்டாவது வருடம் ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்காக ஓலைச்சுவடி வாசித்துக் கொடுத்தேன், தமிழ்ச் சொற்களுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன், கிட்டத்தட்ட ஒன்றரை வருடம். புத்தகம் வந்தது. முன்னுரையில் கடைசிப் பத்தியில் நன்றி என்று ஒரு வரி, அவ்வளவுதான். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, நானும் கேட்கவில்லை, 'உதவிதானே' என்று இருந்துவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது. நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். யாராவது 'கொஞ்சம் தமிழ் பார்த்துச் சொல்லுங்கள்' என்றால், ஒரு பக்கம் என்றால் சரி, ஒரு கட்டு என்றால் 'என் பெயர் எங்கே வரும்?' என்று முதல் நாளே கேளுங்கள். இங்கே அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இனி முக்கியமான விஷயம், இதை ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஜெர்மனியில் கிறிஸ்தவ வரலாறு படிக்க ஒரே ஒரு வாசல் இல்லை. திருச்சபை வரலாற்றுக்கென்று இருக்கும் பேராசிரியர் பதவிகள் பெரும்பாலும் இறையியல் புலத்தில் இருக்கின்றன. அது அரசுப் பல்கலைக்கழகம்தான், சம்பளம் அரசாங்கம்தான் கொடுக்கிறது, ஆனாலும் அந்தப் புலம் ஒரு சபையைச் சேர்ந்தது, புராட்டஸ்டண்ட் சபை அல்லது கத்தோலிக்க சபை. அங்கே இறையியல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய பெரும்பாலும் சபை உறுப்பினராக இருக்க வேண்டும், எபிரேயம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் தேறியிருக்க வேண்டும். அதே ஆவணத்தை, அதே அழகப்பனை, வரலாற்றுத் துறையிலோ மதவியல் துறையிலோ இந்தியவியல் துறையிலோ இருந்து ஆராய்ந்தால் தத்துவ முனைவர் பட்டம், அங்கே உங்கள் மதத்தை யாரும் கேட்க மாட்டார்கள். நானும் அந்த வாசலில்தான் நுழைந்தேன். நீங்கள் கிறிஸ்தவர் இல்லை என்பதால் உங்களுக்கும் அதுதான் வழி. தலைப்பை யோசிப்பதற்கு முன்னாலேயே இதை முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் இருபது வருடம் கழித்து எந்த வேலைக்கு மனுப் போட முடியும் என்பதையும் அந்த வாசல்தான் தீர்மானிக்கும்.

இது எனக்குப் புரிந்தது ஒரு திருச்சபை வரலாற்றாசிரியரோடு மதிய உணவுக்கு உட்கார்ந்தபோது. பல்கலைக்கழக உணவகத்தில் உருளைக்கிழங்கும் கீரையும் வைத்துக்கொண்டு, அவருடைய ஆராய்ச்சி பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, 'பேராசிரியர் வேலை கிடைத்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?' என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. 'போதகராகப் போயிருப்பேன், அதற்கான பயிற்சியையும் முடித்துவைத்திருந்தேன்' என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறையியல் புலத்தில் படித்தவர்கள் நிறையப் பேருக்குப் பின்னால் ஒரு சபை வேலை இருக்கிறது. வரலாற்றுத் துறையில் படித்த எனக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

இன்னொருவர் வரலாற்றுத் துறை. என்னைவிட எட்டு வயது மூத்தவர், நான் அவரை அக்கா மாதிரித்தான் நினைக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு மிஷன் கடிதங்களை அவரைப் போல வாசிக்கத் தெரிந்தவர்களை நான் பார்த்ததில்லை. முனைவர் பட்டம், அதற்கு மேல் ஹபிலிட்டாட்சியோன் என்று இரண்டாவது பெரிய ஆய்வேடு, எல்லாம் முடித்தவர். பதினோரு ஒப்பந்தம் பார்த்திருக்கிறார். சில ஒப்பந்தங்கள் ஆறு மாதம்தான். இங்கே 2007-ல் வந்த சட்டப்படி, பட்டத்துக்கு முன்னால் ஆறு வருடம், பட்டத்துக்குப் பின்னால் ஆறு வருடம் வரை உங்களைத் தற்காலிக வேலையில் வைத்துக்கொள்ளலாம், அதற்கப்புறம் நிரந்தர வேலை கிடைக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து வரும் திட்டப் பணத்தில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். பேராசிரியருக்குக் கீழே நிரந்தர வேலைகள் மிகக் குறைவு. படித்த பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் ஆவதும் அரிது, வேறு ஊருக்குப் போக வேண்டும் என்பது இங்கே வழக்கம். அந்த அக்கா தன் 'பிரிவாட்டொட்செண்ட்' பட்டத்தை, அதாவது பேராசிரியர் பதவி இல்லாமலேயே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் தகுதியை, காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொரு பருவமும் சம்பளம் இல்லாமல் ஒரு வகுப்பு எடுத்தார், மூன்று மணி நேரம் ரயிலில் வந்து. ஆராய்ச்சி அமைச்சகம் ஹன்னா என்ற கற்பனை ஆராய்ச்சியாளரை வைத்து இந்தச் சட்டத்தை விளக்கி ஒரு காணொலி போட்டிருந்தது. 2021-ல் அதைப் பார்த்து நாடு முழுக்க ஆராய்ச்சியாளர்கள் 'நான்தான் ஹன்னா' என்று கொதித்து எழுதினார்கள். அன்று ராத்திரி அவரும் எழுதினார். நான் படித்து அழுதேன்.

இதைப் பயமுறுத்த எழுதவில்லை. ஊரில் 'வெளிநாட்டில் பிஎச்.டி. முடித்தால் புரொபசர்தான்' என்று சொல்கிறார்கள் இல்லையா, அந்தக் கணக்கு இங்கே செல்லாது என்று உங்கள் அப்பா அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கடன் வாங்குவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஒரு பெரியவர், ஓய்வு பெற்றவர், கிழக்கு ஜெர்மனிக் காலத்திலேயே இங்கே இருந்தவர். 1946-ல் அந்த அனாதை இல்லத்தையும் பள்ளிகளையும் நடத்திவந்த பிராங்கே அறக்கட்டளையைக் கலைத்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள், கட்டடங்களைக் கவனிக்க ஆளில்லை. மழை பெய்தால் கூரை ஒழுகியதையும், பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்ததையும் அவர் கையால் காட்டிச் சொல்வார். ஆனால் இறையியல் படிப்பை அந்த அரசாங்கம் மூடவில்லை, ஆறு பல்கலைக்கழகங்களில் அது தொடர்ந்து நடந்தது, அதனால்தான் இந்தக் கடிதங்களைத் தெரிந்தவர்கள் விட்டுப்போகவில்லை என்பார். 1990-க்கு அப்புறம் நிலைமை தலைகீழ். அறக்கட்டளை உயிர் பெற்றது, கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்பட்டன, அதே நேரம் அவருடைய நண்பர்கள் பலர், முக்கியமாக வரலாற்றுத் துறையில் இருந்தவர்கள், வேலை இழந்தார்கள், அந்த இடங்களுக்கு மேற்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரே வருடத்தில் கூரைக்கு ஓடு கிடைத்தது, நண்பனுக்கு வேலை போனது என்று அவர் சொன்னபோது குரல் தடுமாறியது. நான் அவரிடம் கேட்கப் போனது பதினெட்டாம் நூற்றாண்டு உபதேசியார்களை, அதாவது மிஷனுக்காக ஊர் மக்களுக்குப் போதித்தவர்களைப் பற்றி. திரும்பி வரும்போது கையில் இருந்தது அவர் கதை. ஒரு வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அதனால் 'எப்படிப் பேசுவது' என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: அவர்களுடைய ஆராய்ச்சியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், அவர்கள் பிழைப்பைப் பற்றியும் கேளுங்கள். எத்தனை வருட ஒப்பந்தம், உங்கள் மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், திட்டப் பணம் தீர்ந்தால் என்ன ஆகும். நம் ஊரில் பேராசிரியரிடம் இதைக் கேட்க வாய் வராது. இங்கே நேராகக் கேட்டால் நேராகச் சொல்வார்கள். சொல்ல மறுக்கிற வழிகாட்டியிடம் நான் சேர மாட்டேன்.

மின்னஞ்சல் எழுதும்போது 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பாதம் பணிந்து' என்ற தொனி வேண்டாம். யார் நீங்கள், எந்த ஆவணத்தில் என்ன கேள்வி, இரண்டு பக்கம் ஆய்வுத் திட்டம், போதும். மூன்று வாரம் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், தப்பில்லை. ஆய்வுக் கூட்டத்தில் உங்கள் கட்டுரையை ஒரு மணி நேரம் கிழிப்பார்கள், முகம் பார்க்காமல் குறை சொல்வார்கள், கடைசியில் கை தட்டாமல் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். முதல் தடவை எனக்கு ஏதோ கோபம் என்று தோன்றியது. அதுதான் அவர்கள் பாராட்டு. வெளியே வந்ததும் உங்களைக் கிழித்தவரே காபி வாங்கிக் கொடுப்பார்.

பணம்: ஆராய்ச்சி மாணவருக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் பாதி நேரம் அல்லது 65 சதவீதச் சம்பளம், உழைப்பு என்னவோ முழுசு. ஹாலேயில் வீட்டு வாடகை மியூனிக்கை விட மிகக் குறைவு என்பதால் ஒரு ஆளுக்குச் சமாளிக்கலாம். உதவித்தொகைகளும் இருக்கின்றன, குறுகிய காலம் வந்து ஆவணம் பார்க்க பிராங்கே அறக்கட்டளை வழியாகவே கிடைக்கிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் அப்படி மூன்று மாதம் வந்து பார்ப்பேன்.

மொழி விஷயத்தில் கறாராக இருங்கள். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத அனுமதி வாங்கலாம், ஆனால் ஜெர்மன் தெரியாமல் காப்பகத்தில் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது, கோபன்ஹேகன் ஆவணங்களுக்கு டேனிஷ் மொழியும் கொஞ்சம் வேண்டும். எல்லாம் வேண்டாம் என்றால் எடின்பரோ போன்ற இடங்கள் இருக்கின்றன, உலகக் கிறிஸ்தவம் என்ற பெயரில் ஆசிய ஆப்பிரிக்கச் சபைகளின் வரலாற்றை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். ஜெர்மனிதான் ஒரே வழி என்று நினைக்க வேண்டாம்.

நான் ஏன் நூலகத்துக்குப் போனேன் என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தபோது பெண் குழந்தை பிறந்தது, அந்த அக்காவின் பதினோரு ஒப்பந்தம் கண்முன் வந்தது. வருத்தம் இல்லை. இப்போதும் மாலையில் கடிதங்கள் படிக்கிறேன், வருடம் ஒரு கட்டுரை எழுதுகிறேன், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒன்று செய்யுங்கள். இரண்டு பக்கத் திட்டத்தை எனக்கு அனுப்புங்கள். பொதுவாக 'தரங்கம்பாடி மிஷன்' என்று எழுதாதீர்கள், அதில் நூறு பேர் எழுதிவிட்டார்கள். 1712 முதல் 1714 வரை தமிழர்கள் சீகன்பால்குக்கு எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அச்சாகியிருக்கின்றன, அதில் ஒரு பத்தை எடுத்து, இந்த ஜெர்மன் வாக்கியத்துக்குப் பின்னால் எந்தத் தமிழ் வாக்கியம் இருந்திருக்கும் என்று உட்கார்ந்து யோசியுங்கள். மூன்று கேள்வி தோன்றினால் உடனே எழுதுங்கள், நான் படித்துவிட்டு யாரிடம் அனுப்பலாம் என்று சொல்கிறேன்.