பென்னாகரம் புள்ளிகள் ஏன் கடலில் விழுகின்றன?

உங்கள் போனில் கோளாறு இல்லை, யூடிஎம் (பூமியை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து, மீட்டரில் இடம் குறிக்கும் முறை) மண்டலம்தான் மாறியிருக்கிறது. போனில் பதிந்த பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டப் புள்ளிகள் வரைபடத்தில் சரியாக உட்கார்ந்து, பென்னாகரத்தில் எடுத்தவை மட்டும் வங்காள விரிகுடாவில் விழுகின்றன என்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது.

78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களையும் வெட்டிக்கொண்டு போகிறது. அதற்கு மேற்கே பென்னாகரம், ஒகேனக்கல், ஓசூர் எல்லாம் 43ஆம் மண்டலம். கிழக்கே பாலக்கோடு, தருமபுரி 44. நீங்கள் எல்லாவற்றையும் 44 என்றே திறந்திருப்பீர்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் அதே எண்கள் திரும்ப வரும், அதனால் மண்டலம் மாறினால் புள்ளி ஒரு மண்டல அகலம் தள்ளிப் போகும். ஒரு மண்டலம் 6 பாகை, நம் பக்கத்தில் சுமார் 650 கிலோமீட்டர். கடலில் விழாமல் என்ன செய்யும்? கல்லூரியில் இதைப் பாடமாக நடத்துகிறவன் நான். என் வகுப்பிலேயே வருடத்துக்கு ஒருவராவது இதில் மாட்டுவார். நாவிக் (இந்தியாவின் சொந்த ஜிபிஎஸ் போன்றது) வசதியுள்ள புதுப் போன் வாங்கினாலும் இதே கதைதான், காசை வீணாக்காதீர்கள்.

1. எக்ஸெல்லில் கிழக்கு எண்ணை (ஈஸ்டிங், மீட்டரில்) பாருங்கள். 8 லட்சத்தை ஒட்டி இருந்தால் 43, 2 லட்சத்தை ஒட்டி இருந்தால் 44.

2. 43 வரிசைகளைத் தனிக் கோப்பாக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இபிஎஸ்ஜி 32643 (43ஆம் மண்டலத்தின் குறியீட்டு எண், 44க்கு 32644) என்று திறந்து, அப்புறம் 32644க்கு உருமாற்றிச் சேமியுங்கள். லேயரின் எண்ணை மட்டும் 32644 என்று திருத்தினால் மறுபடி கடல்தான்.

சரிசெய்த பிறகும் நூறு இருநூறு மீட்டர் தள்ளி நின்றால் காரணம் வேறு. பழைய டோப்போ ஷீட்டை (நில அளவை வரைபடத்தை) அடியில் போட்டிருந்தால் அதன் எவரெஸ்ட் டேட்டத்தை, அதாவது ஜிபிஎஸ்ஸிலிருந்து வேறுபட்ட பழைய அளவை அடிப்படையைச் சந்தேகப்படுங்கள். ஐந்து பத்து மீட்டர் விலகலுக்குக் கவலை வேண்டாம், சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டமே 10 மீட்டர்.