1986-ல் இந்தியாவில் பிறந்து, திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவன் நான். எனக்கு இந்திய பாஸ்போர்ட் கிடைக்குமா?

கிடைக்கும். கேட்கிற முறையில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா அம்மா 1984-ல் படகில் வந்தவர்கள், நீங்கள் 1986-ல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தீர்கள், முகாமில் எல்லோரும் "அகதிக்கு ஏது பாஸ்போர்ட்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தா. இந்த மாதிரிக் கேஸ்கட்டுகள் என் மேசைக்கு வந்து போகும். அந்த அளவில் சொல்கிறேன்.

1955 குடியுரிமைச் சட்டம், 3-ஆவது பிரிவு. 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். தூதரக அதிகாரியின் பிள்ளை மாதிரி ஓரிரு விலக்குகள் உண்டு, அவை உங்களுக்குப் பொருந்தாது. பெற்றோர் படகில் வந்தார்களா, விமானத்தில் வந்தார்களா என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை. 1.7.1987 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 3.12.2004-லிருந்து இன்னும் கெடுபிடி. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியர், தங்கச்சி இல்லை என்று ஆவது இதனால்தான். அநியாயம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுத்தார்கள். 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதே பிரிவை வைத்துத்தான் கொடுக்கச் சொன்னது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டுவிட்டார். அந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பிறப்புச் சான்று. பாதிக் கேஸ் இங்கேதான் படுத்துவிடும். 1994-ல் மாநகராட்சி வருவதற்கு முன்னால் பாளையங்கோட்டை தனி நகராட்சி. அதனால் மாநகராட்சியில் கேட்கும்போது "பழைய பாளையங்கோட்டை நகராட்சிப் பதிவேடு" என்று சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். சான்று வந்ததும் நின்று படியுங்கள். ஒருவர் கொண்டுவந்த சான்றில் பிள்ளையின் பெயர்க் கட்டம் காலி, தகப்பன் பெயர் கந்தையா. முகாம் குடும்ப அட்டையிலோ கந்தசாமி. நிரந்தர முகவரி யாழ்ப்பாணம். முகவரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பிறந்த இடம்தான் கணக்கு. ஆனால் பெயர் வித்தியாசத்தை விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிட வேண்டும். பிறப்பே பதிவாகவில்லை என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீசில் தாமதப் பதிவுக்கு மனு கொடுக்க வேண்டியிருக்கும்.

விண்ணப்பத்தில் குடியுரிமை எப்படி வந்தது என்று கேட்கும் இடத்தில் "பிறப்பால்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். முகவரிக்கு முகாமையே போடுங்கள். விசாரணைக்கு வருகிற போலீசாரிடமும், க்யூ பிராஞ்ச் (போலீசின் உளவுப் பிரிவு) ஆனாலும் சரி, முகாம் பதிவை மறைக்காதீர்கள். உள்ளூர் முகவரி போட்டு முடித்துத் தருகிறேன் என்று வருகிற ஏஜெண்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய்த் தகவல் கொடுத்தால் பாஸ்போர்ட் சட்டம் 12-ஆவது பிரிவில் வழக்கு வரும். நியாயமாகக் கிடைக்க வேண்டியதற்கு எதற்குக் கள்ளவழி?

இன்னொன்று. 9.1.2015 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு 2025-ல் மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை போட்டது. "இனிமேல் எல்லோரும் இந்தியர்" என்று சிலர் பேசுகிறார்கள். கிடையாது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்துதான் அது விலக்கு, குடியுரிமை தருவதில்லை. உங்கள் பெற்றோருக்கு அது உதவும்.

திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்தில் கொடுப்பது மதுரை மண்டல அலுவலகத்துக்குப் போகும். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கவுண்டரில் வாயால் "முடியாது" என்றால் அதோடு திரும்பி வராதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், கேட்டால் பெரும்பாலும் நகலும் தர வேண்டும் என்கிறது பாஸ்போர்ட் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. அந்தக் காகிதம் கையில் இருந்தால் 11-ஆவது பிரிவில் மேல்முறையீடோ, உயர் நீதிமன்றத்தில் நேரடியாக ரிட் மனுவோ போடலாம். ரிட் என்றால் நமக்கு மதுரைக் கிளை. வக்கீல் பீஸுக்கு வழியில்லை என்றால் அங்கேயே இருக்கிற சட்டப் பணிகள் குழுவில் மனு எழுதிக் கொடுங்கள்.