‘பிகாஸ்’ எங்கே வந்து உட்காருகிறது?

கேள்வி: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சொந்த அனுபவத்தைச் சொல்லும்போது துணை வாக்கியங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? பேச்சில் அவர்கள் எளிய வாக்கியங்களை மட்டுமே பேசுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

அப்படிச் சொன்னவர் அவர்கள் பேசிக் கேட்டிருக்க மாட்டார். ‘பிகாஸ்’, ‘வென்’, ‘விச்’ என்று தொடங்கி, தனியாக நிற்க முடியாமல் முதன்மை வாக்கியத்தில் தொங்கும் துணை வாக்கியங்கள் பேச்சில் ஏராளமாக வருகின்றன. நம் பள்ளிக்கூடத்தில் வைக்கச் சொன்ன இடத்தில் வருவதில்லை, அவ்வளவுதான்.

வெளிநாடு போக எழுதுகிற ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸின் பேச்சுப் பகுதிக்கு நீங்கள் தயாராகிறீர்கள் என்று நினைக்கிறேன். கையில் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்களே, அந்தப் பகுதிதானே உங்களைப் பயமுறுத்துகிறது? பயிற்சி மையத்தில் ‘காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ் (துணை வாக்கியம் சேர்ந்தது) நிறையப் போடு’ என்றிருப்பார்கள். யூடியூபில் வேறொருவர் ‘சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசு’ என்றிருப்பார். நடுவில் நீங்கள்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு, அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையில் சில வருடங்கள் இருந்தவன். அங்கே கார் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ‘என்ன நடந்தது, உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள்’ என்பார். அந்தப் பதிவு சென்னையில் என் காதுக்கு வரும். கால் பெடலை மிதித்து மிதித்துப் பின்னோக்கி ஓட்டி, திக்கல் முக்கல் உட்பட ஒன்று விடாமல் அடிக்க வேண்டும். இதெல்லாம் ஒரு தகுதியா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். முன்பின் தெரியாத மனிதர்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்வதை நாள் முழுக்கக் கேட்கும் வேலை வேறெது?

ஒரு பெரியவரின் பதிவு இன்னும் நினைவிருக்கிறது. (ரகசியத்தை வெளியிடலாமா என்று யாரும் கிளம்ப வேண்டாம். பெயரோ ஊரோ சொல்லப் போவதில்லை, வார்த்தைகளையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) அவர் சொன்னது ஏறக்குறைய இப்படி: ‘ஸோ ஐ ஆம் சிட்டிங் அட் த லைட், அண்ட் இட் டர்ன்ஸ் க்ரீன், அண்ட் ஐ ஸ்டார்ட் டு கோ, அண்ட் திஸ் ட்ரக் கம்ஸ் த்ரூ, விச் ஐ டிடின்ட் ஈவன் ஸீ, பிகாஸ் த ஸன் வாஸ் ரைட் இன் மை ஐஸ்.’

சிக்னலில் நின்றது, பச்சை விழுந்தது, வண்டியை எடுத்தது, லாரி வந்தது. நடந்தவை நான்கும் ‘அண்ட்’ போட்ட முதன்மை வாக்கியங்கள். நடந்த வரிசையும் சொன்ன வரிசையும் ஒன்றே. லாரி வந்த பிறகுதான் வாலாக இரண்டு துணை வாக்கியங்கள். ‘பார்க்கவே இல்லை’ என்று ஒரு ‘விச்’, ‘கண்ணில் வெயில்’ என்று ஒரு ‘பிகாஸ்’. அவர் அதைப் போகிற போக்கில் சொன்னார். ஆனால் மறுமுனையில் இருந்த பெண் பிடித்துக்கொண்டது அதைத்தான். லாரியைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை. எத்தனை மணி, எந்தத் திசையில் போனீர்கள், வெயில் மறைப்பை இறக்கிவிட்டிருந்தீர்களா, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தீர்களா? தவறு யார் தலையில் விழும் என்பது ஒரு ‘பிகாஸில்’ வந்து நின்றுவிட்டது. பெரியவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். ‘இட் வாஸ் க்ரீன், தோ’ என்பதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு என் தங்கையின் எம்.ஏ. பாடப்புத்தகத்தைப் புரட்டியபோதுதான் இதை 1967லேயே எழுதிவிட்டார்கள் என்று தெரிந்தது. வில்லியம் லபோவ், ஜோஷுவா வாலெட்ஸ்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சாதாரண மனிதர்கள் வாய்மொழியாகச் சொன்ன சொந்த அனுபவங்களை ஆராய்ந்தார்கள். செத்துப் பிழைத்த அனுபவம் உண்டா என்று கேட்டுப் பதிவு செய்வது லபோவின் வழக்கம். கதையின் முதுகெலும்பு முதன்மை வாக்கியங்கள்தான் என்பது அவர்கள் முடிவு. அவற்றை இடம் மாற்றினால் நடந்த கதையே மாறிவிடும். ‘பிகாஸ்’ போட்ட பகுதியை முன்னே வைத்தாலும் பின்னே வைத்தாலும் நிகழ்ச்சி வரிசை மாறாது. துணை வாக்கியம் வேறு வேலை செய்கிறது: பின்னணி சொல்கிறது, காரணம் சொல்கிறது, ‘இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா’ என்கிறது. சிறுவர்களைவிடப் பெரியவர்கள்தான் இப்படிக் கதையை விளக்கியும் மதிப்பிட்டும் சொல்கிறார்கள் என்றும் லபோவ் பின்னால் எழுதினார்.

பேச்சு எளிது, எழுத்துதான் சிக்கல் என்பவர்களுக்கு 1985லேயே ஹாலிடே என்ற மொழியியலாளர் பதில் சொல்லிவிட்டார். எழுத்தில் சொற்கள் அடர்ந்திருக்கும், பேச்சில் வாக்கியங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் என்றார். அமெரிக்க உரையாடல்களை ஆராய்ந்த செசிலியா ஃபோர்டு, காலமும் நிபந்தனையும் சொல்லும் பகுதிகள் முன்னாலும் வரும், பின்னாலும் வரும், ‘பிகாஸ்’ பின்னால்தான் வரும் என்று 1993இல் காட்டினார். நான் கேட்ட பதிவுகளிலும் அப்படித்தான். நம் ஆட்கள் ‘பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்’ என்று ஆரம்பித்தாலே கட்டுரை வாசிப்பதுபோல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். துணை வாக்கியம் என்றால் முக்கியமில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். திருட்டுப் போன ஒரு வீட்டுக்காரர், ‘ஐ வாஸ் புட்டிங் த கீ இன் த டோர் வென் ஐ ஹெர்ட் த க்ளாஸ் கோ’ என்றார். இலக்கணப்படி சாவி போட்டதுதான் முதன்மை. ஆனால் நம்மைத் தூக்கிப்போடுவது ‘வென்’னுக்குப் பின்னால் வரும் கண்ணாடிச் சத்தம். கதை சொல்லத் தெரிந்தவர்கள் அதைக் கடைசிவரை கையில் வைத்திருப்பார்கள். அந்த ‘வென்’னை முன்னால் கொண்டுபோய், ‘வென் ஐ வாஸ் புட்டிங் த கீ’ என்று தொடங்கிப் பாருங்கள், சப்பென்று போய்விடும்.

தமிழில் நாம் ‘நின்று, பார்த்து, எடுத்து, திரும்பும்போது’ என்று எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு வினைமுற்றில் முடிப்போம். அது நம் மொழிக்கு அழகு. அதையே ஆங்கிலத்தில் ‘ஹேவிங் ஸ்டாப்ட்’, ‘ஆஃப்டர் சீயிங்’ என்று அடுக்கினால் காவல் நிலையத்துப் புகார் மனுபோல் ஒலிக்கும். உங்கள் ஆங்கிலம் செயற்கையாக இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் முதலில் இதைப் பாருங்கள். நடந்ததை ‘அண்ட்’, ‘ஸோ’, ‘தென்’ போட்டு நடத்திச் செல்லுங்கள். காரணமும் அபிப்பிராயமும் பின்னால் வரட்டும். தேர்வில் ‘அண்ட்’ அதிகம் வந்தால் மதிப்பெண் குறையுமே என்று பயிற்சி மையக்காரர்கள் சண்டைக்கு வரலாம். வெறும் ‘அண்ட்’ போதும் என்று நான் எங்கும் சொல்லவில்லை, தயவுசெய்து மறுபடி படியுங்கள்.

பள்ளியில் எங்களுக்கு ‘நோ ஸூனர்... தேன்’ என்பதை உருப்போட வைத்தார்கள். ‘ஹேட்’ எங்கே வரும் என்பதற்கு முழங்காலில் அடி வேறு. இத்தனை விபத்து, இத்தனை திருட்டு, இத்தனை தீ விபத்து கேட்டேன். ஒரே ஒருவர்கூட ‘நோ ஸூனர் ஹேட் ஐ’ என்று வாய் திறக்கவில்லை.

கடைசியில் அந்த வேலையும் போன கதைதான். முதல் பிரதியை மென்பொருளே அடித்துவிடுகிறது, நீங்கள் சரிபார்த்தால் போதும் என்று சொல்லி நிமிடக் கணக்கில் தந்த கூலியைப் பாதியாக்கினார்கள். பேசுபவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அது முற்றுப்புள்ளி வைத்துவிடும். ‘ட்ரக் கம்ஸ் த்ரூ’ ஒரு வாக்கியம், ‘பிகாஸ் த ஸன்’ இன்னொரு வாக்கியம். ஒவ்வொன்றாகத் தேடி ஒட்டவைக்க, நானே முழுசாக அடிக்கும் நேரம் ஆகிவிடும். அதை மேலாளரிடம் சொன்னபோது, ‘புள்ளி எடுக்கிற வேலைக்கு இவ்வளவு பேச்சா?’ என்றார்.