85 சதவீதம் காட்டிய குண்டு ஏன் தவறியது?

கேள்வி: வேற்றுக்கிரகவாசிகளை எதிர்த்து ஒரு வீரர் படையை முறைவைத்து நகர்த்தும் கணினி விளையாட்டான எக்ஸ்காம் 2-ஐத் தள்ளுபடியில் வாங்கி, ‘வெட்டரன்’ என்ற கடின அளவில் ஆடி வருகிறேன். 85 சதவீத வாய்ப்பு என்று காட்டிய குறி அடுத்தடுத்து இரண்டு முறை தவறியது. சேவ் செய்த இடத்திலிருந்து மீண்டும் சுட்டாலும் அதே வீரர் அப்படியே தவறவிடுகிறார். ஒரு நண்பர் இதை வழு (நிரல் பிழை) என்கிறார், இன்னொருவர் விளையாட்டே கடினமானது என்கிறார், மூன்றாமவர் அதன் ஆழம் எனக்குப் பிடிபடவில்லை என்கிறார். யார் சொல்வது சரி? அடுத்து பால்டர்ஸ் கேட் 3 என்ற கதாபாத்திர விளையாட்டை வாங்க நினைக்கிறேன். முழு விலை கொடுக்கும் முன் இவற்றை எப்படி எடைபோடுவது?

பதில்: உங்கள் நண்பர்கள் மூவரும் மூன்று வெவ்வேறு குறைகளைப் பேசுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. தோற்ற ஆத்திரத்தில் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரே விளையாட்டைப் பற்றி நேரெதிரான விமர்சனங்கள் எழுகின்றன.

முதலில் அந்த இரண்டு குண்டுகள். 85 சதவீதக் குறி ஒருமுறை தவற 15 சதவீத வாய்ப்பு இருப்பதால், குறிப்பிட்ட இரண்டு குண்டுகள் அடுத்தடுத்துத் தவற 2.25 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது ஏறத்தாழ 44-இல் ஒன்று. முழுப் போராட்டத்தையும் முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான குண்டுகளைச் சுடுவீர்கள் என்பதால், இது நடக்காமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கலாம்: உச்சநிலையான ‘லெஜெண்ட்’ நீங்கலாக, எளிய நிலைகளில் இந்த விளையாட்டு திரையில் காட்டாமலேயே கணக்கை உங்கள் பக்கம் சாய்க்கிறது, முந்தைய குண்டுகள் தவறியிருந்தால் அடுத்ததன் வாய்ப்பை உயர்த்துகிறது. 85 என்ற எண்ணைப் பார்க்கும் மனம் அதை ‘நிச்சயம்’ என்றே படிக்கிறது என்பதை அறிந்தே தயாரிப்பாளர்கள் இந்தச் சலுகையை வைத்திருக்கிறார்கள்.

ஃபயர் எம்ப்ளம் என்ற உத்தி விளையாட்டு வரிசை இதில் இன்னும் துணிச்சலானது. 2002-இல் வந்த பாகத்திலிருந்து பல பாகங்களில், ஒரு சமவாய்ப்பு எண்ணுக்குப் பதில் இரண்டை எடுத்து அவற்றின் சராசரியைக் கொண்டு தாக்குதலின் முடிவைத் தீர்மானித்தார்கள். அதன் விளைவாகத் திரையில் 90 என்று தெரிவது உண்மையில் 98.1 ஆகவும், 20 என்று தெரிவது 8.2 ஆகவும் மாறிவிடுகிறது. அதை ஆடிப் பழகியவர் எக்ஸ்காமுக்கு வரும்போது ஏமாற்றப்பட்டதாக உணர்வது இயல்பே. உண்மையில் அவருக்குப் பொய் எண்ணைக் காட்டியது முந்தைய விளையாட்டுதான்.

மீண்டும் திறந்தாலும் அதே குண்டு தவறுவதும் வழு அன்று. சமவாய்ப்பு எண்களைப் பிறப்பிக்கும் விதை எண் சேவ் கோப்போடு சேர்ந்தே பதிவாகிறது. ஆகவே அதே செயலை அதே வரிசையில் செய்தால் அதே முடிவுதான் கிடைக்கும். முதலில் வேறொரு வீரரைச் சுடவைத்துவிட்டுப் பிறகு இவரைச் சுடவைத்துப் பாருங்கள், முடிவு மாறக்கூடும். தோல்வியைத் திரும்பத் திரும்ப அழித்து ஆடுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

அப்படியானால் வழு என்பது எது? விளையாட்டு தானே சொன்ன விதியைத் தானே மீறுவதுதான் வழு. 2012-இல் வந்த எக்ஸ்காம்: எனிமி அன்நோனில், எங்கோ இருக்க வேண்டிய எதிரிக் கூட்டம் திடீரென்று நம் வீரர்களின் நடுவே தோன்றுவதைப் பலர் கண்டார்கள். நகர்வு தூரம் பற்றிய விதியும் பார்வைக் கோடு பற்றிய விதியும் அங்கே உடைந்தன. எவ்வளவு திறமை இருந்தாலும் அதற்கு முன்கூட்டித் தயாராக முடியாது. எக்ஸ்காம் 2 வெளியான 2016 பிப்ரவரியில் வேறுவகைச் சிக்கல் ஒன்று இருந்தது. களத்திலிருந்து திரும்பும்போது வரும் நீண்ட காத்திருப்பை, கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் குறைக்கலாம் என்று ஆட்டக்காரர்களே கண்டுபிடித்தார்கள். எரிச்சலூட்டும் குறைதான், ஆனால் அது உங்கள் வெற்றி தோல்வியைத் தொடவில்லை. ஒரு விமர்சகர் வழுக்களைப் பட்டியலிடும்போது இந்த இரு வகைகளையும் பிரித்துச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

கண்ணுக்கே தெரியாத வழு இவற்றைவிடப் பொல்லாதது. 1994-இன் ஃபைனல் ஃபேண்டஸி 6-இல் உடல்வழித் தாக்குதலிலிருந்து தப்பிக்கும் திறனுக்கென ஓர் எண் இருந்தது. முதல் பதிப்பில் அது எந்த வேலையும் செய்யவில்லை. மந்திரத்திலிருந்து தப்பிக்கும் எண்ணே இரண்டுக்கும் பயன்பட்டது. வேலை செய்யாத அந்த முதல் எண்ணை உயர்த்தும் கவசங்களைத் தேடி அணிந்தவர்கள் ஆழமான முடிவெடுப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கடினத்தையே வழு குலைத்த கதையும் உண்டு, அதுவும் உங்கள் விளையாட்டின் முன்னோரிலேயே. 1994-இன் முதல் எக்ஸ்-காமில், தொடக்கத்தில் எந்த நிலையைத் தேர்ந்தெடுத்தாலும் சிறிது தூரம் ஆடியபின் அது ஓசையின்றி மிக எளிய நிலைக்குத் திரும்பிவிடும். இதை அறியாத தேர்ந்த ஆட்டக்காரர்கள் விளையாட்டு மிக எளிது என்று குறைபட, 1995-இல் வந்த அடுத்த பாகமான டெரர் ஃப்ரம் த டீப்பைக் கடுமையாக்கிவிட்டார்கள். ‘எளிது’, ‘கடினம்’ என்ற சொற்களை அவை பிறந்த பதிப்பைக் கேட்காமல் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கடினத்தை மதிப்பிட நான் ஒரே கேள்வியைக் கேட்பேன்: தோற்றபின், அடுத்தமுறை எதை மாற்றிச் செய்வேன் என்று என்னால் சொல்ல முடிகிறதா? 2018-இன் இன்டு த பிரீச்சில் இதற்கு எப்போதும் விடை உண்டு. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில், ஒவ்வோர் எதிரியும் அடுத்து எங்கே தாக்கும் என்று முன்கூட்டியே காட்டிவிடும். தோல்வி முழுக்க நம்முடையதே. அதே ஆண்டின் பாத்ஃபைண்டர்: கிங்மேக்கரில், தொடக்கக் குகை ஒன்றில் வரும் சிலந்திக் கூட்டத்துக்கு வாளும் அம்பும் உறைக்காது, நெருப்புக் குப்பிகளையோ பரப்பில் தாக்கும் மந்திரங்களையோ நாட வேண்டும். மேசையில் ஆடும் பாத்ஃபைண்டர் விதிகளை அறிந்தவருக்கு இது சாதாரணம், மற்றவருக்கோ சுவர். என் பார்வையில் அது கடினத்தைவிட, சரியாகக் கற்றுக்கொடுக்காத குறை. சிவிலைசேஷன் 6 போன்றவற்றிலோ, உயர்நிலைகளில் கணினி எதிரி கூடுதல் அறிவு பெறுவதில்லை; கூடுதல் குடியேறிகளையும் உற்பத்திச் சலுகைகளையும் பெறுகிறது. அதை வெல்வது பெருமைதான், ஆனால் எதிரியின் சூழ்ச்சியை வென்றதாக எண்ண வேண்டாம்.

ஆழத்தைக் காண்பதுதான் அரிது. விதிகளின் எண்ணிக்கை ஆழமாகிவிடாது. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்ட ஆடுபுலி ஆட்டத்தின் விதிகளை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே திட்டத்தை வைத்துக்கொண்டு எல்லாரையும் வெல்ல முடியாது. சிறந்த விடை சூழலுக்கேற்ப மாறிக்கொண்டே இருந்தால் அங்கே ஆழம் உண்டு. எனிமி அன்நோனில் பெரும்பாலான களங்களுக்கு ஒரே விடை போதுமானதாக இருந்தது: சில அடிகள் நகர்ந்து, அனைவரையும் ‘ஓவர்வாட்ச்’ என்னும் காவல் நிலையில் நிறுத்தி, எதிரி வரக் காத்திருப்பது. பாதுகாப்பானது, சலிப்பானது. 2013-இல் வந்த ‘எனிமி வித்தின்’ என்ற விரிவாக்கப் பதிப்பு, சில முறைகளுக்குள் (டர்ன்களுக்குள்) எடுக்காவிட்டால் அழிந்துவிடும் ‘மெல்ட்’ என்ற வளத்தின் கலன்களைக் களத்தில் வைத்து ஆட்டக்காரரை முன்னே இழுக்கப் பார்த்தது. எக்ஸ்காம் 2 பல களங்களில் நேரடியாக, இத்தனை முறைகளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவையே வைத்தது. பலர் அதைக் கொடுமை என்று சொல்லி, கெடுவை நீக்கும் மோட்களை (ரசிகர்கள் உருவாக்கும் மாற்றங்களை) போட்டுக்கொண்டார்கள். கடினத்தைக் கூட்டியதாக அவர்கள் கண்ட அந்த விதி, உண்மையில் ஆழமின்மைக்கான மருந்து. நீங்களும் அந்த மோட்டைப் போடுவதாக இருந்தால், பிறகு ‘ஒரே மாதிரி இருக்கிறது’ என்று சொல்லாதீர்கள்.

உங்கள் இரண்டு குண்டுகளுக்கும் இதில் விடை இருக்கிறது. முதல் குண்டு தவறியபின், இரண்டாமவர் கையெறி குண்டை வீசியிருக்கலாம். அது குறி தவறாது. பெரும்பாலும் எதிரியின் மறைவிடத்தையும் தகர்த்து, அடுத்துச் சுடுபவரின் வாய்ப்பை உயர்த்தும். ஆகவே மூன்றாவது நண்பர் சொன்னதில்தான் உண்மை அதிகம்.

இனி வாங்குவது பற்றி. ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் வாங்கிய 14 நாள்களுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் பால்டர்ஸ் கேட் 3-இல் அந்த இரண்டு மணி நேரத்தில் கதாபாத்திரத்தை உருவாக்கித் தொடக்கக் கப்பலைவிட்டு இறங்கிச் சற்று உலவலாம், அவ்வளவே. ஆழத்தை அதில் அளக்க முடியாது. உங்கள் கணினி அதைத் தாங்குகிறதா என்பதை மட்டும் பாருங்கள். மற்றவற்றுக்கு விமர்சனங்கள்தான் வழி. அவற்றில் எழுதிய நாளையும் எழுதியவர் ஆடிய மணிகளையும் முதலில் கவனியுங்கள். 2023 ஆகஸ்டில் வெளியானபோது கதையின் மூன்றாம் பகுதியில் வேகக்குறைவும் வழுக்களும் மிகுதியாக இருந்தன. பின்னர் வந்த பேட்ச்கள் (திருத்தப் பதிப்புகள்) பலவற்றைச் சீராக்கின. பத்து மணி நேரத்தில் பாராட்டியவர் அந்தப் பகுதியை எட்டியே இருக்க மாட்டார்.

வாங்கினால் ‘பேலன்ஸ்ட்’ நிலையில் தொடங்குங்கள். அமைப்புகளில் ‘கார்மிக் டைஸ்’ என்ற தேர்வு தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். தொடர்ந்து பகடை கெடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. எண்கள் உள்ளபடி விழ வேண்டும் என்று நினைத்தால் அதை அணைத்துவிடலாம். அணைத்தபின் 85 சதவீதம் இரண்டு முறை தவறினால், இந்தமுறை அது வெறும் பகடைதான்.