எந்தக் கிணற்றுத் தண்ணீர்?

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கட்டுரைகளை நெடுநாளாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு வயது 31. பிறந்த ஊர் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். வாழ்க்கைப்பட்டது காவேரிப்பட்டணம். இப்போது ஓசூரில் குடியிருக்கிறோம். தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஐந்து வயதில் மகன் இருக்கிறான்.

எனக்குத் தீராத இடுப்புவலி. மகன் சிசேரியனில் பிறந்தான். அப்போது முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கல்லூரி விடுதியில் இருந்தபோதே விடியற்காலையில் வலி எழுப்பிவிடும். ஆனால் அது பரீட்சைக்கு உட்கார்ந்து படித்த வலியாக இருந்திருக்கும். எம்ஆர்ஐ எடுத்ததில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவில் ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருக்கிறதாம். ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை என்கிறார். ஒருவர் பெல்ட் கொடுத்தார். ஒருவர் எடையைக் குறைக்கச் சொன்னார். இன்னொருவர், மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குனிய முடியாது. பள்ளியில் நின்று பாடம் நடத்தும்போது வலி குறைந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை படுத்திருந்தால் கூடிவிடுகிறது. அதனால் வீட்டில், "பள்ளிக்கூடம் என்றால் சரியாகிவிடுகிறது, வீட்டு வேலை என்றால் வலி வந்துவிடுகிறது" என்று பேச்சு. மருத்துவரிடம் என் கணவர்தான் பேசுவார். எனக்கு அங்கே போனால் வாய் வராது. மாமியார் எண்ணெய்க் கட்டு போடச் சொல்கிறார். இலவம்பஞ்சு மெத்தை நல்லதா? அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா? செய்வதென்றால் பெங்களூருவா, சேலமா?

இந்தக் கடிதத்தை முன்பே எழுத வேண்டியது. வலது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் இருந்ததால் தாமதம். போன வருடமும் இப்படி வந்தது. மெட்ராஸ் ஐதான். மன்னிக்கவும்.

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்திலேயே முக்கியமான செய்தியைக் கடைசியில், மன்னிப்புக் கேட்கும் சாக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் இதைச் சொல்ல மருத்துவர் வேண்டியதில்லை. ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சம் கூசி, அது மறுபடியும் வருகிறதென்றால் மெட்ராஸ் ஐ என்று நீங்களாக முடிவுகட்டக் கூடாது. கண்ணுக்குள்ளே வரும் அழற்சியாக இருக்கலாம். யுவியைட்டிஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் பார்வைக்கே கேடு. இந்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் இடுப்புவலியையும் சொல்லுங்கள். இடுப்பைப் பார்க்கிறவரிடம் கண்ணைச் சொல்லுங்கள். நீங்கள் கணக்கு டீச்சர்தானே அம்மா? இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்து வைத்தால்தான் எக்ஸும் ஒய்யும் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர், ஒன்றை ஒரு டாக்டரிடமும் மற்றொன்றை மருந்துக் கடைக்காரரிடமும் கொடுத்துவிட்டு விடை வரவில்லை என்கிறீர்கள்.

மெத்தையைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. எண்ணெய் தேய்த்தால் இதமாக இருக்கும், மாமியாருக்கும் மனம் நிறையும், தேய்த்துக்கொள்ளுங்கள். யாரையும் முதுகில் ஏறி மிதிக்க மட்டும் விடாதீர்கள்.

ஊசிக்கு வருகிறேன். பிரசவத்தின்போது முதுகில் போடும் மயக்க ஊசியால் போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வருடக்கணக்காக நீடிக்கும் வலிக்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை என்பதே பிரசவித்த பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளின் முடிவு. நம் பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண் எவள் இடுப்பைப் பிடித்தாலும் பழி அந்த ஊசியின் மேல் விழுகிறது. வீட்டாருக்கும் வசதி, அவசரத்தில் இருக்கும் டாக்டருக்கும் வசதி. கல்லூரி விடுதியில் வலி இருந்தது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அடுத்த வரியில் நீங்களே அதைத் தள்ளுபடி செய்கிறீர்கள். உங்களுக்கு நடந்ததை உங்களாலேயே நம்ப முடியவில்லை என்றால், பத்து நிமிடம் பார்க்கிற டாக்டர் எப்படி நம்புவார்?

எனக்கு உண்மையில் கோபம் வருவது அந்தப் படத்தின் மேல். ஜவுளிக்கடைப் பையில் எக்ஸ்ரேயையும் எம்ஆர்ஐயையும் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் நிற்கிற பெண்களைத் தருமபுரி பஸ் நிலையத்தில் எந்த நாளும் பார்க்கலாம். பையில் படம் இருக்கிறது, அதனால் வாய் திறக்க வேண்டியதில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். டாக்டரும் அப்படியே நினைக்கிறார். 1994-ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். எல்லா ஜவ்வும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். பாதிப் பேருக்கு மேல் எங்காவது ஒரு பிதுக்கம் இருந்தது. வலியில்லாதவர்களின் படங்களை மட்டும் தொகுத்த ஒரு பெரிய ஆய்வு 2015-ல் வந்தது. அதன்படி இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம், எண்பது வயதில் 96 சதவீதம். உங்கள் எல்4, எல்5 பிதுக்கம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வலிக்கு அதுதான் காரணம் என்று யார் காட்டினார்கள்? காலுக்கு வலி இறங்குகிறதா, எந்த விரல் மரத்துப்போகிறது, படத்தில் தெரிகிற நரம்பும் வலிக்கிற இடமும் பொருந்துகின்றனவா என்று கேட்டுவிட்டா கத்தியை எடுக்கிறேன் என்றார்கள்? உங்கள் கடிதத்தில் கால் என்ற சொல்லே இல்லை.

எந்த இயந்திரமும் இல்லாமல் கேட்கக்கூடிய ஐந்து கேள்விகள் இருக்கின்றன. உலக அளவில் இந்தத் துறை நிபுணர்கள் கூடி 2009-ல் வகுத்தவை. வலி நாற்பது வயதுக்கு முன் தொடங்கியதா, மெல்ல மெல்ல வந்ததா, உடம்பை அசைத்தால் குறைகிறதா, ஓய்வெடுத்தால் குறையாமல் இருக்கிறதா, இரவில் எழுப்பி, எழுந்து நடந்ததும் தணிகிறதா. நான்குக்கு ஆம் என்றால் அது ஜவ்வு வலி போல் இல்லை, அழற்சியால் வரும் முதுகுவலியாக இருக்கலாம் என்று பொருள். உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படியுங்கள். விடுதி, விடியற்காலை, பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை. யாரும் கேட்காமலேயே பதில்களை எழுதிவைத்திருக்கிறீர்கள். வீட்டில் எதைச் சோம்பல் என்கிறார்களோ அதுவே நோயின் முக்கியமான அடையாளம். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பும், அந்தக் கண்ணும் அதோடு சேருகின்றன.

இப்படி அழற்சியால் முதுகில் வரும் நோய்க்கு அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பது பெயர். முதுகெலும்பின் அடியில் இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் தொடங்கும். அந்த மூட்டின் மாற்றம் எக்ஸ்ரேயில் தெரியப் பல வருடங்கள் ஆகலாம். எம்ஆர்ஐயில் முன்பே தெரியும், ஆனால் அந்த மூட்டைப் பார்க்கும்படி எடுக்க வேண்டும். நீங்கள் எடுத்தது ஜவ்வைத் தேடி எடுத்த படம். வலி தொடங்கி நோய் கண்டுபிடிக்கப்படச் சராசரியாக ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகின்றன, அதுவும் வசதியான நாடுகளைச் சேர்த்துச் சொன்ன கணக்கு. பெண்களுக்கு இன்னும் கூடும். இது ஆண்களுக்கு வரும் நோய் என்று பாடப்புத்தகங்களே நெடுங்காலம் எழுதிவைத்திருந்தன. இதற்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, எச்எல்ஏ பி27. இதைப் படித்துவிட்டு நாளையே லேபுக்கு ஓடாதீர்கள். அந்த மரபணு உள்ள பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை, இல்லாதவர்களுக்கும் நோய் வருவதுண்டு.

உங்களுக்கு அந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு என் பெரியம்மா ஒரு காரணம். சில மாதங்களாக அவளைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதத்தில் பென்னாகரம் என்று பார்த்ததும் அவள் வந்து நின்றுகொண்டாள்.

அவளுக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில். கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டாள், உடம்போடு சேர்ந்து திரும்புவாள். எங்களுக்கு, பிள்ளைகளுக்கு, அது ஒரு விளையாட்டு. பின்னால் நின்று கூப்பிடுவோம். கீழே உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் அடுப்பைத் திண்ணை உயரத்துக்கு மண்ணால் மேடை கட்டி அதன் மேல் வைத்திருந்தாள். அந்தத் தெருவில் நாலைந்து வீட்டில் அப்படி மேடை உண்டு. ஊரே அப்படி இருந்தால் அதை யார் நோய் என்பார்கள்? வயசு, வாயு, வேலை. டவுனில் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், இடுப்பைப் படம் எடுத்துத் தேய்மானம் என்றார்கள். வலி மாத்திரை தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

தண்ணீரில் இருந்தது ஃப்ளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பாறை இடுக்குகளில் தேங்கிய நீரில் அது கரைந்து கிடக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய நீரைப் பத்து, இருபது வருடம் குடித்தால் எலும்பில் படிந்து, தசைநார்களும் சுண்ணாம்பேறி, முதுகு கட்டையாகும். பெரியம்மா சுத்தக்காரி, எப்போதும் காய்ச்சித்தான் குடிப்பாள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்த எலும்பு நோயைப் பற்றி 1937-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள்.

அந்த ஊருக்குப் பல் பார்க்கும் முகாம் வந்தது. அவளுடைய பிள்ளைகளுக்கெல்லாம் பல்லில் பழுப்புக் கறை. பெயர் எழுதிக்கொண்டார்கள். பெரியம்மாவுக்குப் பல் வெள்ளை வெளேரென்று இருந்ததால் விட்டுவிட்டார்கள். கறை, பல் உருவாகும் சிறு வயதில் குடித்த நீரால் வருவது. அவள் வளர்ந்தது அரூர் பக்கம் நல்ல தண்ணீரில். வெள்ளைப் பல்லோடு வாழவந்து, எலும்பை அந்த ஊர் நீருக்குக் கொடுத்தாள். பின்னொரு நாள் வந்த ஒரு சின்ன வயது டாக்டர்தான் அவளை உட்காரவைத்து, "எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறீர்கள்? இந்த ஊருக்கு வந்து எத்தனை வருடம்?" என்று கேட்டார். இடுப்பை விட்டுவிட்டு முன்கையைப் படம் எடுக்கச் சொன்னார். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் சவ்வு சுண்ணாம்பேறி முள் முள்ளாக நின்றது. அத்தனை வருடம் இடுப்பைத் தடவியவர்கள் யாருக்கும் கையைப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடால் வரும் இந்த நோயின் பாதிப்பைக் குறைக்கும் திட்டம் என்று அதன் பெயரிலேயே இருக்கிறது. நல்ல காரியம். நீங்கள் வளர்ந்த காலத்தில் அது இல்லை. எலும்பில் படிந்தது குழாயைத் திறந்தால் கரைந்து போகாது. சிக்கல் என்னவென்றால், ஃப்ளோரைடால் கட்டையான முதுகும் நான் மேலே சொன்ன நோயால் கட்டையான முதுகும் படத்தில் ஒன்று போலத் தோன்றி டாக்டர்களையே குழப்பியிருக்கின்றன. உங்கள் வயதும் கண்ணும் காலை விறைப்பும் அழற்சியைத்தான் காட்டுவதாக எனக்குப் படுகிறது. என்றாலும் பிறந்த ஊர் எது, எத்தனை வயது வரை எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்பதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பெங்களூரு டாக்டருக்குப் பென்னாகரத்துக் கிணற்றைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஊர் எது என்பது முக்கியமில்லை, யாரிடம் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். மூட்டுவாத நிபுணரிடம் போங்கள். பலகையில் ருமட்டாலஜிஸ்ட் என்று இருக்கும். சேலத்திலோ பெங்களூருவிலோ தேடுங்கள், பணம் இடித்தால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. அவர் பார்த்து முடிக்கும் வரை அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்காதீர்கள். காலில் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தன்னையறியாமல் போனாலோ அது வேறு கதை. அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. மாலையில் காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள், முதுகெலும்பில் காசநோய் வருவது நம் நாட்டில் அபூர்வம் அல்ல.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். வலி முதலில் எப்போது வந்தது, இரவில் எத்தனை மணிக்கு எழுப்புகிறது, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, எந்த மாத்திரை போட்டால் கேட்கிறது, கண் எந்தெந்த மாதம் சிவந்தது, தண்ணீர். வீட்டில் யாருக்காவது சோரியாசிஸ் என்ற தோல் நோயோ, குடல் அழற்சியோ, இதே மாதிரி வலியோ உண்டா என்பதையும் விசாரித்துச் சேருங்கள். வாய் வராவிட்டால் தாளை நீட்டுங்கள். படங்கள் இருக்கும் பையைக் கேட்கும்போது எடுத்தால் போதும்.

இனி உங்கள் கணவருக்கு. தம்பி, இதைக் கட்டாயம் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். டாக்டர் அறைக்குள் அவளோடு போங்கள், வெளியே நிற்க வேண்டாம். பையைச் சுமந்துகொள்ளுங்கள், மகனை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "எப்போதிருந்து வலி?" என்று டாக்டர் கேட்டதும் நீங்கள் முந்திக்கொண்டு, "டெலிவரிக்கு அப்புறம் சார்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் கேள்வி அவளைக் கேட்டது.