பெரியார் ஹாஸ்டலில் நம்ம பசங்க

கேள்வி: என் மகனுக்கு டெல்லி ஜே.என்.யூ.வில் எம்.ஏ. இடம் கிடைத்திருக்கிறது. பெரியார் ஹாஸ்டலில் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் மனசுக்குத் தெம்பாக இருந்தது. அங்கே நம்ம பசங்க நிறைய இருப்பார்களா? சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?
- ஒரு தகப்பன், கம்பம்

பதில்: முதலில் அந்தப் பெயர். அது ஈரோட்டுப் பெரியார் இல்லை, ஆறு. ஜே.என்.யூ. விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்: கங்கா, ஜீலம், சட்லெஜ், சபர்மதி, நர்மதா, கோதாவரி, காவேரி, லோஹித். அந்த வரிசையில்தான் கேரளத்துப் பெரியாறும் வருகிறது. ஆனாலும் உங்கள் தெம்பு வீண் இல்லை. கம்பத்துக்காரருக்குப் பெரியாறு அந்நியமா என்ன? 1895-ல் திறந்த அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து உங்கள் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் விளைய வைப்பது அந்தத் தண்ணீர்தானே. உங்கள் வயலுக்கு வந்த ஆற்றின் பெயருள்ள கட்டடத்தில் உங்கள் மகன் தூங்கப்போகிறான். சந்தோஷமாக அனுப்புங்கள்.

அடுத்தது அந்த ‘நம்ம பசங்க’. என்னைப் பிடித்து நிறுத்திய சொல் அதுதான்.

நானும் அங்கே படித்தவன், எண்பதுகளின் கடைசியில். ஸ்டேஷனில் இறங்கும்போது நானும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு இறங்கினேன். அறையில் எனக்கு வாய்த்தவன் இம்பால் பக்கத்துப் பையன். என் இந்தியும் அவன் இந்தியும் சேர்ந்தால் ஒரு டீ வாங்கலாம், அவ்வளவுதான். இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி, அவன் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தான். கதவைச் சாத்தினான், ஜன்னலைத் திறந்தான், என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மூடியை நெம்பினான். அறை முழுக்க வாடை. அவன் முகத்தில் பயம். முன்பு வாடகைக்கு இருந்த வீட்டில் அந்த வாடைக்காகவே அவனைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

எனக்கோ ஆச்சி வீட்டு அடுக்களை ஞாபகம் வந்துவிட்டது. உறியில் தொங்கும் கருவாட்டுப் பானை, மழை நாளில் சுட்ட நெத்திலி, பழைய சோறு. அவன் டப்பாவில் இருந்தது ‘ங்காரி’, அவர்கள் ஊரில் நொதிக்கவைத்துப் பதப்படுத்தும் மீன். ஹீட்டரில் உருளைக்கிழங்கை அவித்து, காய்ந்த மிளகாயைச் சுட்டு, அந்த மீனையும் போட்டு மசித்தான். அதற்கு ‘எரோம்பா’ என்று பெயர். மெஸ்ஸிலிருந்து கொண்டுவந்திருந்த ஆறின சோற்றில் பிசைந்து, ஒரே தட்டில் இரண்டு பேரும் தின்றோம். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர், காரத்தில். அன்றைக்கு அவன் நம்ம பையன் ஆனான். அந்த விடுதியில் தமிழ் பேசுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நல்லவர்கள்தான். அவர்களில் ஒருவருக்குக் கருவாட்டு வாடையே ஆகாது.

வாடை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2007-ல் டெல்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்கு என்று ஒரு கையேடு போட்டது. மூங்கில் குருத்து, அகுனி மாதிரி வாடையடிக்கும் பதார்த்தங்களை அக்கம்பக்கத்தில் ரகளை வராதபடி சமைக்க வேண்டும் என்று அதில் புத்தி சொல்லியிருந்தார்கள். அகுனி என்பது நாகாலாந்தில் சோயா மொச்சையை நொதிக்கவைத்துச் செய்வது. ஒரு சனத்தின் சாப்பாட்டைக் காவல்துறை ஒழுங்குப் பிரச்சினையாக்கிய அந்தக் கையேட்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சென்னையில் ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று பலகை மாட்டுகிற வீட்டுக்காரர்களையும்தான்.

யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை ஐயா. ஈரோட்டுப் பெரியாரை இங்கே நான் கூப்பிடாவிட்டாலும் அவர் வந்துவிடுவார். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் பணமும் வாங்கியது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும் தனிப்பந்தி. 1924-25-ல் தமிழ்நாட்டு அரசியலையே அது புரட்டிப்போட்டது. அப்போது காங்கிரஸிலேயே இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. இரண்டு இலை தள்ளிப் போட்டதற்கா இவ்வளவு என்று அன்றும் கேட்டார்கள். ஆமாம், அதற்குத்தான்.

நூறு வருஷம் ஆயிற்று. உங்கள் தேனி மாவட்டத்திலேயே எண்ணிப் பாருங்கள்: ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி, மிகப் பிற்படுத்தப்பட்டோர் விடுதி, கள்ளர் விடுதி. அவை இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதித்திருக்க மாட்டார்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. 2025-ல் எல்லாவற்றுக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று ஒரே பெயர் வைத்தார்கள், அதையும் வரவேற்கிறேன். பெயர்ப்பலகை ஒன்றானது, பந்தி எப்போது ஒன்றாகும்?

ஜே.என்.யூ.வில் அந்தப் பந்தி இருக்கிறது. பீகார் குடியானவர் மகனும் டெல்லி அதிகாரி மகனும் ஒரே அலுமினிய வாளிப் பருப்புக்குத் தட்டை நீட்டுவார்கள். அது தானாக வரவில்லை. பெண்கள் எழுத்தறிவு எவ்வளவு, விவசாயக் கூலிகள் எத்தனை பேர், கக்கூஸ் இல்லாத வீடுகள் எத்தனை என்று கணக்குப் பார்த்து, பின்தங்கிய மாவட்டப் பிள்ளைகளுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். ‘டிப்ரிவேஷன் பாயின்ட்’ என்பார்கள். 1983-க்குப் பிறகு பத்து வருஷம் அது இல்லை. மாணவர்கள் போராடி தொண்ணூறுகளில் மீட்டார்கள். முன்பெல்லாம் நுழைவுத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். 2019-ல் அது நான்கில் ஒன்றைத் தொடும் பரீட்சையாக மாறியது. 2022 முதல் இளங்கலைக்கும் முதுகலைக்கும் க்யூட் என்கிற நாடு தழுவிய பொது நுழைவுத் தேர்வு, அதுவும் அதே மாதிரிதான். பிள்ளை யோசிப்பதை அதில் எப்படிப் பார்ப்பார்கள்? கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

அங்கேயும் எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரலில், ராமநவமியன்று, காவேரி விடுதியில் அடிதடி. மெஸ்ஸில் கோழிக்கறி போடுவதைத் தடுத்தார்கள் என்றது ஒரு தரப்பு, பூஜையைத் தடுத்தார்கள் என்றது மறு தரப்பு. மண்டை உடைந்தது. தட்டில் என்ன இருக்கலாம் என்று அடுத்தவன் தீர்மானித்தால் அந்தப் பந்தி போயிற்று.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சப்பாத்தி, ராஜ்மா, பருப்பு, சோறு. முதல் மாதம் வயிறு முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும். மெஸ்ஸை நடத்துவதில் மாணவர் குழுவுக்கும் பங்கு உண்டு, குறை இருந்தால் அங்கே சொல்லலாம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அதே மெஸ்ஸில் கூட்டம் நடக்கும். மேசையில் ‘பர்ச்சா’ கிடக்கும், துண்டறிக்கைக்கு அங்கே அதுதான் பெயர். அன்றைக்கு மட்டும் சீக்கிரம் எழுந்து அறைக்குப் போக வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். புரியாவிட்டாலும் உட்காரட்டும்.

இட்லிப்பொடி, பருப்புப்பொடி கட்டிக் கொடுங்கள். கருவாடும் கொடுங்கள், இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில். அளவு இரண்டு பேருக்கு.