மரத்துப்போன தேமல்: இங்குள்ள டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

காங்கேயத்திலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, முன்கையில் வெளுத்த தேமல், ஜிபி (இங்குள்ள குடும்ப டாக்டர்) கொடுத்த படைக் களிம்புக்குப் போகவில்லை, அந்த இடம் மரத்திருக்கிறது, தொழுநோயாக இருக்குமோ என்று கேட்கவே கூச்சமாக இருக்குங்கண்ணா என்று எழுதியிருந்தீர்கள்.

கூச்சப்படாமல் கேளுங்க தம்பி. நம்ம ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மரத்த தேமல் என்றாலே டாக்டருக்கு அந்தச் சந்தேகம் வந்துவிடும். இங்கே தொழுநோயை ஒருமுறைகூடப் பார்க்காத டாக்டர்கள்தான் அதிகம். அதனால் படை, எக்ஸிமா, சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே சிலருக்கு வருஷக்கணக்கில் ஓடிவிடுகிறது, அதற்குள் நரம்பு கெட்டுவிட்டால் மருந்து கிருமியைக் கொன்றாலும் போன உணர்ச்சி திரும்பும் என்று சொல்ல முடியாது.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு, ரூமில் இருப்பவரைப் பஞ்சு நுனியால் தேமல் மேலும் பக்கத்துத் தோலிலும் மாற்றி மாற்றித் தொடச் சொல்லுங்கள். ஊசி, சூடு எதுவும் வேண்டாம். தேமலில் தொட்டது தெரியவில்லை என்றால் ஜிபியிடம் நிறம், அரிப்பு என்று ஆரம்பிக்காமல், "இந்த இடத்தில் உணர்ச்சி இல்லை, நான் இந்தியாவில் வளர்ந்தவன், தொழுநோயா என்று பார்க்கத் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள்" என்று நேராகவே சொல்லுங்கள். சுண்டுவிரல் மரத்தாலோ பிடி தளர்ந்தாலோ அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிருமி நுழைந்து அடையாளம் தெரியச் சராசரியாக 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம்கூட ஆகும், அதனால் இங்கே வந்த பிறகு தெரிவதில் அதிசயமில்லை.

தோல் டாக்டரிடம் போனால் முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள், தோலைக் கீறிக் கிருமி தேடுவார்கள், சதைத் துணுக்கும் எடுப்பார்கள். கீறிப் பார்த்ததில் கிருமி இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒன்றிரண்டு தேமல் மட்டும் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் வரும். சதைப் பரிசோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்தில் இந்த நோய்க்கு வெளிநாட்டவரிடமும் காசு வாங்குவதில்லை.

தொழுநோய்தான் என்றானால் ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமின் சேர்ந்த மருந்து, 6 மாதம் அல்லது 12 மாதம். ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே பரவுவது நின்றுவிடும், அதனால் ரூமில் தட்டு, டம்ளர் எதையும் தனியாக வைக்க வேண்டியதில்லை. நடுவில் தேமல் சிவந்து வீங்கினாலோ நரம்பு வலித்தாலோ மருந்தை நிறுத்தாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஊரில் ஒரே வீட்டில் இருந்தவர்களையும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை தோலைக் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள், அங்கேயும் மருந்து இலவசம்தான்.